சிக்னல் பாறையில் நான் பேசியது

சென்னையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. புகார்ப்பெட்டி. பெரம்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் என் காதுபடவே அப்படிச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருவிளக்கு எரியாவிட்டால் நான்தான் மாநகராட்சிக்குப் போன் போடுவேன். குப்பை வண்டி இரண்டு நாள் வராவிட்டால், தண்ணீர் லாரி பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போய்விட்டால், மாடி வீட்டுக்காரர் காரைக் குறுக்கே நிறுத்தினால், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு புகார் எண் இருக்கும். அந்த எண் குறுஞ்செய்தியாக வரும்போது பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு திருப்தி வரும். ஒரு தடவை எங்கள் வாட்ச்மேன் நாற்காலியில் தூங்குவதைப் போட்டோ எடுத்து சங்கத்துக்கு அனுப்பினேன். அவரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலைக்கு வந்து நான் செய்த காரியத்துக்கு, புது இடம், பயம், விவரம் தெரியாது என்று சாக்குச் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. என் கணவரிடம் அப்படித்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

என் கணவர் பள்ளி ஆசிரியர். ஐம்பது தாண்டிய பிறகு தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வந்த இடம் கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. கூட வேலை பார்த்தவர்கள், "வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார்கள். நான்தான் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எனக்கு மூச்சிரைப்பு வேறு. புகையும் கொசுவும் லாரிச் சத்தமும் போதும், இனிமேல் மலைக்காற்றில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அவ்வளவு பேரிடம் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது.

கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்துப்போனதற்கு மறுவருஷம் அது. கள்ளக்குறிச்சி என்று சொன்னாலே சொந்தக்காரர்கள் முகம் மாறும். "கல்வராயன் மலையா? அங்க காய்ச்சறவங்கதானே எல்லாரும்" என்று என் நாத்தனார் சொன்னாள். அந்தச் சாவுக்கும் இந்த மலையில் மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கள்ளச்சாராயம் பற்றித் தகவல் தெரிந்தால் சொல்ல ஒரு போன் நம்பர், சொல்பவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று ஒரு வரி. வாந்தி வருகிற வளைவுகளில்கூட அந்த நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டேன். பழக்கதோஷம்.

வெள்ளிமலைக்கு மேல் உள்ளே தள்ளி இருந்தது எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு. சாமான் ஏற்றி வந்த லாரி கடைசி மேட்டில் ஏறவில்லை. டிரைவர் இறக்கி வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். என்ன செய்வது என்று நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிரிட்ஜை இரண்டு மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கீழே போட்டுவிடுவார்களோ என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். முன்னால் தூக்கிப் போனவர்களில் ஒருவர், பேசாமல் சிரித்துக்கொண்டே நடந்த ஒல்லியான மனிதர், பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர்.

அந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மலையாளிப் பழங்குடிக் குடும்பம், கேரளத்து மலையாளிகள் இல்லை, தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருப்பவர்கள். என்னை ஊர் முழுக்க "சார் வூட்டம்மா" என்றது. அக்கா மட்டும் நேரில் பேசும்போது வெறும் "யம்மா" என்பார். வந்த முதல் வாரத்திலிருந்தே, நாங்கள் அடுப்பு பற்றவைக்கும் முன்பே அவர் வீட்டுச் சாமைச் சோறும் குழம்பும் வந்துவிடும். எனக்குச் சாமை இறங்காது. ருசியாக இருந்தது என்று பொய் சொல்வேன். அவர் நம்பி மறுநாள் இன்னும் கொஞ்சம் கொண்டுவருவார்.

வீட்டுக்குள் போன் எடுக்காது. ஊருக்கு மேலே, காட்டு ஓரமாகக் கால் மணி நேரம் நடந்தால் ஒரு பெரிய பாறை வரும். அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். ஊரே அதைச் சிக்னல் பாறை என்றுதான் சொல்லும். போகிற வழியெல்லாம் பலா மரம். பழம் பழுக்கிற காலத்தில் கரடி வரும் என்பதால் தனியாக யாரும் போக மாட்டார்கள். யாருக்காவது பேச வேண்டியிருந்தால் இன்னொருவர் தடியோடு துணைக்குப் போவார்.

அதில் ஒரு முறை இருந்தது. துணைக்கு வந்தவர் பாறைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். பேச்சு காதில் விழாத தூரத்துக்கு இறங்கிப் போய், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காட்டைப் பார்த்து நிற்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தடியால் கல்லில் தட்டுவார். பேசி முடித்துக் கூப்பிடும்வரை திரும்ப மாட்டார். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. "ஏன்க்கா அவ்ளோ தூரம் போறீங்க, இங்கயே நில்லுங்களேன்" என்றேன்.

"நீங்க உங்க வூட்டு சமாச்சாரம் பேசுவீங்க. அது எனக்கு இன்னாத்துக்கு? பேசுங்க, நான் பார்த்துக்கினு இருக்கிறேன்" என்றார் அக்கா.

மாடியில் யார் யாரோடு போனில் சண்டை போடுகிறார்கள் என்று மூன்று வீடு காது வைத்துக் கேட்கிற இடத்திலிருந்து வந்தவள் நான். மகளிடம், "இங்க எனக்கு ஒரு பாடிகார்டு இருக்காங்கடி" என்று சொல்லிச் சிரித்தேன்.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி அக்காவே என்னிடம் சொன்னதுதான். முன்பு அவரும் காய்ச்சிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதோடு விட்டுவிட்டார். "சூடம் அடிச்சா அடிச்சதுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, மறைக்க ஒன்றும் இல்லாதவர் சொல்கிற மாதிரி சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். உள்ளே வேறு மாதிரி குறித்துக்கொண்டேன்.

நாங்கள் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். அக்கா வீட்டுப் பின்பக்கம், வேலி ஓரத்தில் ஒரு நீல டிரம் இருப்பதைப் பார்த்தேன். வாயைச் சாக்கால் மூடி மேலே கல் வைத்திருந்தது. காலையும் மாலையும் அவர் வீட்டுக்காரர் சாக்கை விலக்கி நீளக் கழியால் கலக்குவார். காற்று எங்கள் பக்கம் அடித்தால் புளித்த நாற்றம் வந்தது. ஒரு நாள் அக்கா மடியில் எதையோ மறைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனார். முந்தானை விலகியபோது பார்த்தேன், வெல்லம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வெல்லம், இந்தத் தடவை வேறு பையில், மேலே கீரையைப் போட்டு மூடி.

வெல்லத்தை ஊறப்போட்டுத்தான் சாராயம் காய்ச்சுவார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். ஊறல் அழிப்பு, ஊறல் பறிமுதல் என்று எத்தனை செய்தி. புளித்த நாற்றம், மூடிய டிரம், ஒளித்து எடுத்து வருகிற வெல்லம், பழைய கேஸ். எனக்குக் கணக்கு சரியாக வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "போய் அந்தம்மாவையே கேளேன்" என்றார்.

கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அது என்னக்கா டிரம் என்று கேட்டால் முடிந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. நேரே போய்க் கேட்பது எனக்குப் பழக்கமே இல்லை. மாடி வீட்டுக்காரரிடமும் கேட்டதில்லை, வாட்ச்மேனிடமும் கேட்டதில்லை. மேலே உள்ளவர்களுக்குச் சொல்வதுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம், மகளிடம் பேச வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று அக்காவைக் கேட்டேன். தனியாகப் போகக் கரடிப் பயம். துணைக்குக் கூப்பிட அந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. அக்கா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் முட்செடியை எனக்காகத் தடியால் ஒதுக்கிப் பிடித்தார். நான் பாறை மேல் ஏறினேன். அவர் வழக்கம்போல இறங்கிப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

நான் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஊர்ப் பெயர், எந்த வீடு, டிரம் எங்கே இருக்கிறது, வெல்லம் எத்தனை தடவை வந்தது, ஆள் பழைய குற்றவாளி, எல்லாம் சொன்னேன். தெளிவாகச் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. எதிர்முனையில் பேசியவர் நன்றி சொன்னார். கீழே அக்கா தடியால் கல்லில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் மகளுக்கும் போன் செய்து இரண்டு நிமிஷம் பேசினேன், சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று. இறங்கி வந்ததும் அக்கா கேட்டார்: "பாப்பா சாப்பிட்டுச்சாமா?"

"சாப்பிட்டாளாம்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் ஜீப் வந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். காவலர்கள் நேராகப் பின்பக்கம் போய்ச் சாக்கை எடுத்தார்கள். குனிந்து பார்த்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். கழியை விட்டுக் கிளறினால் மாட்டுச் சாணம். சாணம், கோமியம், பயறு மாவு, ஒரு பிடி காட்டு மண், வெல்லம். மரவள்ளிக்கு ஊற்றுகிற ஜீவாமிர்தம். மகளிர் குழுப் பெண்களுக்கு விவசாயத் துறைக்காரர்கள் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போன உரம் அது. பக்கத்தில் ஒரு தடவை போய் முகர்ந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நாற்றம் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"வெல்லத்த ஏன் மறைச்சு எடுத்தாந்தீங்க?" என்று ஒரு காவலர் கேட்டார்.

"ரெண்டு கிலோ வெல்லம் கேட்டாலே கடையில ஒரு மாதிரி பார்க்கிறாங்க சார். காய்ச்சறதுக்குன்னு பேசுவாங்க. அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா வாங்கியாந்தேன்" என்றார் அக்கா.

அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க டிரம்மைக் கவிழ்த்தார்கள். அத்தனை நாள் கலக்கியது வாசல் பக்கம் ஓடியது. பழைய கேஸ் இருப்பதால் எழுதி வாங்க வேண்டும் என்று அக்காவின் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பிரிட்ஜைத் தூக்கிய தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஊர் முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். ஆனால் யார் வீட்டிலும் நுழையவில்லை, யாரிடமும் பேசவில்லை. சத்தியத்தை மீறிவிட்டாரோ என்று பாதி ஊர் அதற்குள் பேசி முடித்திருந்தது.

ஜீப் கிளம்பும்போது ஒரு காவலர் சொல்லிவிட்டுப் போயிருந்தார், தகவல் இந்த ஊரிலிருந்துதான் வந்தது என்று. அன்று மத்தியானமே அக்கா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்து பாறைக்குப் போனது ரெண்டே பேரு. காத்தால என் ஓரகத்தி போனா. அப்புறம் நீங்க. நீங்க பாப்பாகிட்ட பேசினீங்க, நான்தான் கூட இருந்தேன். அப்ப அவதான். பலா மரத்துக்கு சண்ட போட்டால்ல, அந்தக் கோவம்."

ஓரகத்தி என்றால் அக்காவுடைய கொழுந்தனாரின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பலா மரம் யாருக்கு என்று போன மாதம்தான் சத்தம் போட்டுக்கொண்டார்கள். அப்படிப் போட்டுக்கொண்டாலும் மறுநாள் சேர்ந்தேதான் களை எடுக்கப் போனார்கள். "இருக்காதுக்கா" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன். உங்க மேல மரியாதை வெச்சிருக்காங்க."

"போன் பண்ணும்போது என்னையா கேட்டே?" என்று எழுந்து போய்விட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு என்றது நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அக்கா எனக்குச் சோறு கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊருக்குத் தலைவர், இரு பக்கமும் கேட்டார். ஓரகத்தி, நான் என் அம்மாவிடம் பேசத்தான் போனேன் என்றாள். அக்கா நம்பவில்லை. அப்படியென்றால் சூடம் அடி என்றார் தலைவர். பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளைக்குட்டிக்கு ஆகாது என்று அங்கே உறுதியாக நம்புகிறார்கள். அடிக்க மறுத்தால் அவள்தான் என்று முடிவாகி, அந்த வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்து நின்றாள். தாம்பாளத்தில் கட்டிச் சூடத்தை ஏற்றினார்கள். நான் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். கணவர் எதிர்ப்பக்கம் நின்று என்னையே பார்த்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷி செய்யாத காரியத்துக்கு நெருப்பில் கை வைக்கப்போகிறாள், ஒரு வாக்கியம் சொன்னால் தடுத்துவிடலாம். நான் சொல்லவில்லை. என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன், அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அவள் சத்தியம் சொல்லிக் கையை ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது. உள்ளங்கையைப் புடவையில் வைத்து அழுத்திக்கொண்டாள். அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள்.

அப்படியென்றால் யார் என்ற கேள்வி பாக்கி நின்றது. ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சூடம் அடிக்கட்டும், அதுவரை யார் மேலும் பேச்சு வேண்டாம் என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "சார் வூடு வேணாங்க. நீங்க வந்தவங்க. உங்களுக்கு இதுல இன்னா இருக்குது."

எனக்கு உயிர் வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் துழாவித் தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பை எடுத்துக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளங்கையில் பெரிய கொப்புளம். நானே தடவிவிட்டேன். "சார் வூட்டம்மாவுக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு" என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். புறப்படும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். அதை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாமல் வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் அக்காவிடம், பாறைக்குப் போகலாமா என்று கேட்டேன். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாதி வழியில், பலா மரங்களைத் தாண்டியதும் நின்றேன். "அக்கா, போன் பண்ணினது நான்தான்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் போனு?" என்றார். சொன்னேன். டிரம், வெல்லம், பஸ்ஸில் பார்த்த நம்பர், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அன்னிக்கு நான் நின்னுக்கினு இருந்தேனே, அப்பவா?"

"ஆமாக்கா."

"நான் கரடி வருதான்னு பார்த்துக்கினு இருந்தேன்" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா? கை வெந்தவ அவ. தல குனிஞ்சவரு என் வூட்டுக்காரரு. வர்ற ஞாயித்துக்கிழம ஊருல அத்தினி பேரும் கை வெப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றார். பிறகு திரும்பி நடந்தார். ஆனால் என்னைக் காட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. பத்தடி முன்னால் தடியைத் தட்டிக்கொண்டே, நான் பின்னால் வருகிற வேகத்துக்கு மெதுவாக நடந்தார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குச் சோறு வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடலாம் என்று கணவரிடம் ஒரு தடவை சொன்னேன். "நீ போ, நான் வரலை" என்றார். பெரம்பூர் வீட்டில் வேறு ஆள் குடிவந்தாகிவிட்டது. எனக்குப் போவதற்கு இடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, தாம்பாளத்தில் சூடத்தை எடுத்து வைப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன். போன் செய்தது நான்தான், அந்தக் குடும்பத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் சத்தியத்தை மீறவில்லை, சூடம் அடித்த இந்தம்மாவும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு சின்ன விஷயம், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓரகத்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"களிம்பு தடவினது அதுக்குத்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதுக்கும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நானும் சூடம் அடிக்கிறேன், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன் என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன். அவர் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "வேணாங்க. சூடம் ஊருக்காரங்களுக்கு." கோபமாகச் சொல்லவில்லை. பிரிட்ஜைத் தூக்கி வந்த அன்று இருந்த அதே முகம்தான். அவருக்குத் தண்டமாக நான் ஏதாவது கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். சூடத்தைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டு மடித்தார்கள். எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதற்கப்புறம் யாரும் என்னை ஒதுக்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிறார்கள், தண்ணீர் வராத நாளில் குடத்தை நிரப்பிக் கொடுக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மறுபடியும் டிரம்மில் கரைத்து வைத்திருக்கிறார், இப்போது சாக்கு போடுவதில்லை. போன வாரம் வெள்ளிமலைக் கடையில் நானே போய் மூன்று கிலோ வெல்லம் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. சார் வூட்டம்மா பொங்கல் வைக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார். அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை.

பாறைக்கு இனிமேல் கணவரோடு போய்க்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அவுரு பள்ளிக்கூடத்துலேர்ந்து எப்ப வர்றது, நீங்க எப்பப் பேசறது? கரடி இருக்குதுல்ல" என்று அக்கா தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கும் வருகிறார். மற்றவர்களுக்குத் துணையாகப் போனால் பழையபடி தூரத்தில் இறங்கி முதுகைக் காட்டி நிற்கிறார், நானே பார்த்திருக்கிறேன். என்னோடு வரும்போது மட்டும் இறங்குவதில்லை. பாறை மேல் ஏறி, என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

மகளுக்கு வீடியோவில் அவர் முகமும் தெரியும். "ஆன்ட்டி ஏம்மா இப்பல்லாம் பக்கத்துலயே நிக்கிறாங்க?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுப் பக்கம் ஏதாவது அசைகிறதா என்று இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.